டோட்டல் கவுண்ட் 24,000-லிருந்து 2,100: இறங்கினா நல்லதுதானே?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 71 வயசு, சுகர் இருக்கு. யூரின்ல வந்த தொற்று ரத்தத்துல கலந்துடுச்சுன்னு ஐசியூவுல வச்சிருக்காங்க. சேர்த்த அன்னிக்கு டோட்டல் கவுண்ட், அதான் ரத்தத்துல வெள்ளணு எண்ணிக்கை, 24,000. இன்னிக்கு, மூணாம் நாள், 2,100. இறங்கிடுச்சேன்னு அம்மா பிள்ளையாருக்குச் சூறைத் தேங்காய் உடைக்கக் கிளம்பிட்டாங்க. டூட்டி டாக்டர் மட்டும் "இது நல்லதுக்கு இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பா?

ஸ்மியர் அக்கா:
தம்பி, 28 வருஷம் லேப்ல மைக்ராஸ்கோப் பார்த்தவ நான். வைத்தியம் டாக்டர் சொல்லட்டும்; ஸ்லைடுல பார்த்ததை நான் சொல்றேன்.

சாதாரணமா 4,000-லிருந்து 11,000 வரை இருக்கும். கிருமி ரத்தத்துல ஏறினதும் எலும்பு மஜ்ஜை இருப்புல இருக்கிற நியூட்ரோஃபிலை, கிருமியோட சண்டை போடற வெள்ளணுவை, எல்லாம் அள்ளி விடும். அதான் அந்த 24,000. முத்தின செல்லுல உட்கரு மூணு நாலு துண்டா இருக்கும். இருப்பு கரையக் கரைய, பிரியாத உட்கருவோட பிஞ்சுங்களும் வெளிய வரும், மாட்டு லாடம் மாதிரி வளைஞ்சு. பேண்ட் செல்னு எழுதுவோம். அதுக்குள்ள கரு ஊதாவா பொடி தூவின மாதிரி துகள் தெரிஞ்சா, ரிப்போர்ட் டைப் ஆகட்டும்னு காத்திருக்க மாட்டேன், வார்டுக்கு போன் போட்டுடுவேன்.

அப்புறம் திடீர்னு சரியுதுன்னா, வரவைவிடச் செலவு அதிகம்னு அர்த்தம். பாதி செல் நுரையீரல், கல்லீரல் நுண்குழாய்ல போய் ஒட்டிக்கும். கையில எடுத்த ரத்தத்துல எப்படி அகப்படும்? ஒட்டினது சும்மாவும் இருக்காது, சொந்தத் திசுவையே அரிக்கும். தன் டிஎன்ஏவையே வலையா விரிக்கும்னு 2004-ல கண்டுபிடிச்சாங்க. அந்த வலையில கிருமியும் மாட்டும், ரத்தமும் உறையும்.

குமரன்_கேள்வி:
கீமோ எடுக்கிறவங்களுக்குக் கவுண்ட் ஏத்த ஊசி போடுவாங்களே, அதைப் போட்டா?

நைட் ஷிஃப்ட்:
ஐசியூ நர்ஸ். அது மருந்தால மஜ்ஜை படுத்தவங்களுக்கு. மத்த செப்சிஸ்ல, அதாவது இப்படித் தொற்று உடம்பு முழுக்கப் பாதிச்சவங்களுக்கு, போட்டுப் பார்த்த ஆய்வுகள்ல பிழைக்கிறவங்க கூடல. 2016-ல வந்த செப்சிஸ் வரையறையில வெள்ளணு எண்ணிக்கையே கிடையாது. வைகை அண்ணா, அந்த ஒரு நம்பரையே பார்த்துட்டு இருக்காதீங்க. பிபி விழாம தாங்கற மருந்தோட அளவு ஏறுதா இறங்குதா, கிரியாட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும்), லாக்டேட் (திசுவுக்கு ரத்தம், ஆக்சிஜன் போதலைன்னா ஏறும்), யூரின் எவ்வளவு, இதைக் கேளுங்க.

வைகைக்கரை:
கேட்டேன். பிபி மருந்து நேத்தைய அளவுல பாதிதான் ஓடுதாம். யூரின் நேத்து முழுக்க 200 மில்லி, இன்னிக்குக் காலையிலிருந்தே 450.

ஸ்மியர் அக்கா:
அந்த 450-ஐ அம்மாகிட்ட சொல்லுங்க தம்பி. தேங்காய் அதுக்கு உடைக்கட்டும்.