பூமலைக்கா, முஸ்தபாவுக்கா?

குழு: ஆரப்பாளையம் குடும்பம்

இரவு 8.47
கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். நாளை அம்மாவுக்குக் கடைசி நாள். அதை எப்படிக் கழிக்கலாம் என்று உங்கள் யோசனைகளை இன்றிரவே சொல்லிவிட்டால் நல்லது.

8.48
வசந்தா: அட கடவுளே, என் தமயந்திக்கு என்ன ஆயிற்று?

8.48
முருகேசன்: பதறாதீர்கள் மதினி. சிங்கப்பூர்ப் பயணத்தின் கடைசி நாளைச் சொல்கிறான்.

8.49
வசந்தா: விளக்கு வைத்த நேரத்தில் இப்படியா எழுதுவது? வாயைக் கழுவிவிட்டு வா, கார்த்தி.

8.58
சுந்தரம்: இந்தக் குழுவில் முழு வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்று நான் விதி வைத்த காரணம் எல்லோருக்கும் தெரியும். சென்ற ஆவணியில் முருகேசன் 'வரல' என்று ஒற்றைச் சொல்லை அனுப்பினான். அவன் இன்னும் வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு நாங்கள் பந்தியை நிறுத்திக் காத்திருந்தோம். அவனோ வரப்போவதே இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தான். முழு வாக்கியத்திலும் பொருள் பிறழும் என்று இன்று கார்த்தி காட்டிவிட்டான். நிற்க. 1994-இல் பத்து நாள் சிங்கப்பூரில் தங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். தமயந்தி காலையில் முதலில் ஆற்று முகத்துவாரத்துக்குப் போய், சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலையைப் பார்க்க வேண்டும். அடுத்தது சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். அது 1827-இல் எழும்பிய கோயில், தீமிதிக்குப் பேர்போனது. நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துக்கொண்டு, சிராங்கூன் சாலைக்கு வந்து இலை போட்டுச் சாப்பிட வேண்டும்.

9.03
தமயந்தி: அண்ணே, சிலையை முந்தாநாளே பார்த்துவிட்டோம். நீங்கள் பார்த்த இடத்தில் அது இப்போது இல்லை. குறுக்கே எஸ்பிளனேட் பாலம் வந்து கடல் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிலையை மறைத்துவிட்டதால், 2002-இல் 120 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று சபியா சொன்னாள்.

9.05
சுந்தரம்: சிலை நகர்ந்தாலும் நான் சொன்ன வரிசை நகராது.

9.06
முருகேசன்: அக்கா, நீ முஸ்தபா கடைக்கு அரை நாள் ஒதுக்கிவிடு. கோடாலித் தைலம் ஒரு டஜன் வேண்டும்.

9.06
செல்வி: அத்தை, எனக்குச் சாக்லேட் மட்டும் போதும்.

9.07
வசந்தா: தைலத்தில் எனக்கு நான்கு. என் தங்கைக்கும் இரண்டு சேர்த்துக்கொள்.

9.10
கார்த்தி: ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், சுற்றுலா வந்தவர்களுக்கு 9 விழுக்காட்டு வரியில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திருப்பித் தருகிறார்கள். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், அம்மா.

9.12
வசந்தா: நூறு வெள்ளியா? கொலுசுக்கடையா வைக்கப் போகிறோம்? அதை எப்படித் தூக்கிக்கொண்டு வருவாள்?

9.13
செல்வி: பெரியம்மா, அங்கே டாலரைத்தான் வெள்ளி என்கிறார்கள்.

9.14
வசந்தா: அப்படியென்றால் நேற்று அவள் தோசைக்கு நான்கு வெள்ளி கொடுத்தேன் என்று எழுதியது கொலுசைக் கழற்றிக் கொடுத்ததில்லையா? நான் இரவெல்லாம் தூங்கவில்லை.

9.16
முருகேசன்: 1994-இல் பெரியண்ணன் வந்தபோது டூ-இன்-ஒன் மதினி வீட்டுக்குப் போனது, எங்கள் வீட்டுக்குத் தைலம் வந்தது. அந்தக் கணக்கையாவது அக்கா இந்த முறை நேர் செய்யட்டும்.

9.17
சுந்தரம்: அது என் மாமனார் பணம் கொடுத்து வாங்கிவரச் சொன்னது. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

9.24
தமயந்தி: இங்கே மணி 11.54. நீங்கள் நாளை நாளை என்று பேசிக்கொண்டிருக்கும் நாள் இன்னும் ஆறு நிமிடத்தில் எனக்குப் பிறந்துவிடும், அதனால் என் விருப்பத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இரவு 8 மணி விமானத்துக்கு 5 மணிக்கே நான் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கையில் இருக்கும் பொழுதில் நானும் சபியாவும் தாவரவியல் பூங்காவுக்குப் போவதாக இருக்கிறோம். தோ பாயோவில் ரயிலேறி நியூட்டனில் மாறினால் இரண்டாவதாக வரும் நிறுத்தம். காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது.

9.26
முருகேசன்: பூங்காவா? நம் ஊர் ராஜாஜி பூங்காவில் இல்லாத மரமா?

9.27
சுந்தரம்: அங்குள்ள தமிழர்கள் அந்த இடத்தைப் பூமலை என்பார்கள். நல்ல பெயர்.

9.35
தமயந்தி: ரயில் நிலையப் பலகையிலும் பூமலை என்றே எழுதியிருக்கிறது, அண்ணே. நான் பூப் பார்க்கப் போகவில்லை, பால்மரம் பார்க்கப் போகிறேன். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் இந்தப் பூங்காவுக்குத்தான் வந்தன. பிறகு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி என்ற துரைதான், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை இங்கே வைத்துச் சோதித்துப் பார்த்தவர். அப்பா திண்ணைத் தூணில் விரலை வைத்து, இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கி இழுத்துக் காட்டுவாரே, அந்தச் சீவல்தான் அது. 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பத்து வருடம் அவர் சீவிய மரத்தை நம்மில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தைலம் மட்டும் வாங்கித் திரும்ப எனக்கு மனமில்லை.

9.38
செல்வி: அத்தை, கட்டாயம் போங்கள். படம் அனுப்புங்கள்.

9.40
சுந்தரம்: அப்பாவின் வெட்டுக்கத்தி இப்போது யாரிடம் இருக்கிறது?

9.41
முருகேசன்: எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

9.42
செல்வி: நுனி மடங்கிய கத்தியா, பெரியப்பா? அதில்தான் அம்மா வாசல் வாய்க்காலில் பாசி சுரண்டுகிறார்கள்.

9.43
சுந்தரம்: பாசியா?

9.44
முருகேசன்: செல்வி, நீ போய்ப் படி.

9.49
சுந்தரம்: பாகப்பிரிவினையில் அந்தக் கத்தியும் தகரப் பெட்டியும் எனக்கு வர வேண்டும் என்று நான் வாய்திறந்து கேட்டேன். சின்னவன் ஆசைப்படுகிறான் என்று அம்மா சொன்னதால் விட்டுக்கொடுத்தேன். அது பாசிக்கு என்று தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அது இருக்கட்டும். தமயந்தி, பூங்கா பெரியது, வெயிலும் இருக்கும். சபியாவுக்கு முழங்கால் வலி என்கிறாய். இரண்டு வயதான பெண்கள் துணையில்லாமல் அலைவது சரியில்லை. சபியாவின் மகன் வேலைக்கு விடுப்புப் போட்டு உடன் வர முடியுமா என்று கேள். முடியாவிட்டால் கோயிலோடு நிறுத்திக்கொள்.

9.56
தமயந்தி: அண்ணே, எனக்கு வயது 62. பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதியின் திருமணத்துக்கு, துணையில்லை என்று சொல்லி 1985-இல் நீங்கள் என்னை அனுப்பவில்லை. கோரிப்பாளையம் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அவள் கப்பலேறுவதுபோலச் சொல்லாமல் கொள்ளாமல் போனாள் என்று நான் கோபப்பட்டேன். அவள் வழியனுப்ப நான் வரவில்லை என்று கோபப்பட்டிருக்கிறாள். இந்த ஒன்பது நாளில்தான் இரண்டு பேரும் பேசித் தீர்த்தோம். மகன் வர வேண்டாம். நாங்கள் மெதுவாக நடந்துகொள்வோம்.

9.57
வசந்தா: நான் அன்றைக்கே சொன்னேன்.

9.58
முருகேசன்: அக்கா, தைலம் ஆறு போதும்.

10.31
சுந்தரம்: குடை எடுத்துக்கொள். அங்கே பிற்பகலில் திடீரென்று மழை பிடிக்கும். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் போடுவார்கள். அதனால் நிலையத்துக்கு வெளியிலேயே இரண்டு பேரும் குடித்துக்கொள்ளுங்கள். சபியாவுக்கு மல்லிகை பிடிக்கும். தெற்குவாசலில் அவள் அப்பா பூ வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே சிராங்கூன் சாலையில் கிடைக்கும்.

10.33
கார்த்தி: பெரிய மாமா, அப்படியானால் பூமலையா, சிராங்கூனா?

10.34
சுந்தரம்: அதை அவர்களே முடிவு செய்யட்டும்.

காலை 6.52
தமயந்தி: (படம்)

6.55
தமயந்தி: இதுதான் பால்மரம். நான் நினைத்ததைவிட உயரம். பட்டை சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கிறது. அண்ணே, அதைத் தொட்டுக்கொண்டு நிற்பது சபியாவின் கை. படத்துக்கு முகம் வேண்டாம் என்றுவிட்டாள்.

6.57
வசந்தா: சபியாவின் வளையல் அழகாக இருக்கிறது. அது எத்தனை வெள்ளி என்று கேள்.

7.10
முருகேசன்: (படம்) கத்தியைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பிடியில் அப்பா சுற்றிய சணல் இன்னும் அவிழவில்லை, அண்ணே.

7.12
சுந்தரம்: நுனியை யாரும் தீட்ட வேண்டாம். நான் இன்று மாலை அங்கே வருகிறேன்.

7.13
முருகேசன்: எதற்கு என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

7.15
கார்த்தி: அம்மா, நான் இரவு 9 மணிக்கெல்லாம் சென்னை விமான நிலையத்தில் நிற்பேன். முஸ்தபாவுக்குப் போகிறீர்களா, இல்லையா?

7.41
தமயந்தி: இப்போது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்த பிறகு பார்க்கலாம்.