கிங்ஃபிஷர் பீர் கம்பெனி டச்சு பீர் கம்பெனி ஹைனகன் கைக்கு போனப்ப நீங்க நேர்ல பாத்த ரியாக்ஷன் என்ன? அனுபவம் இருந்தா எழுதுங்க

கொரட்டூர்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். 2021 ஜூன், ரெண்டாவது அலை லாக்டவுன் தளர்த்தி சென்னைல டாஸ்மாக் கடை திறந்த புதுசு. வட்டம், மாஸ்க், டோக்கன்னு அந்த கூத்தெல்லாம் உங்களுக்கே தெரியும். கிங்ஃபிஷர் காய்ச்சற யுனைடெட் பிரூவரீஸ்ல பழைய முதலாளி விஜய் மல்லையாவோட பங்கை கடன் மீட்பு தீர்ப்பாயம் வித்துடுச்சு, ஹைனகன் வாங்கி 61.5 சதவீதம் ஆயிட்டான்னு அப்பதான் பேப்பர்ல வந்துச்சு. எனக்கு முன்னாடி வெள்ளை சட்டைல ஒரு பெரியவர். பாட்டிலை கைல வாங்கி, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, லேபிளை மூக்குகிட்ட வச்சு தேதி படிக்கிறார். படிச்சுட்டு திருப்பி உள்ள நீட்டிட்டார். "இது வேணாம்பா, மல்லையா ஸ்டாக் இருந்தா எடு." சேல்ஸ்மேன் முழிக்கிறான். "அதாம்பா, டச்சுக்காரன் வாங்கறதுக்கு முன்னாடி காய்ச்சினது." "ஐயா, ஒரு மாசமா கடையே பூட்டிக் கெடந்துச்சு, இங்க இருக்கறது எல்லாமே முன்னாடி காய்ச்சினது தான், நகருங்க." கியூவே சிரிச்சுது, ஆனா அவர் நகரலயே, அடி கிரேட்ல இருந்து இன்னும் பழைய தேதி ஒண்ணு எடுக்க வச்சு துண்டுல சுத்திக்கிட்டு தான் போனார். பேங்குக்கு 9,000 கோடி பாக்கி வச்சுட்டு லண்டன் போனவர் மேல இவருக்கு என்ன பாசம்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

ஓசூர் டு பெங்களூர்:
ப்ரோ, கதை நல்லாருக்கு, ஆனா "ஹைனகன் கைக்கு போனப்ப"ன்னு தலைப்பு வச்சதே கொஞ்சம் இடிக்குது. அவன் 2008லயே உள்ள வந்தாச்சு. ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிகிட்ட 37.5 சதவீதம் இருந்துச்சு, அந்த கம்பெனிய கார்ல்ஸ்பெர்கும் ஹைனகனும் சேர்ந்து வாங்கி பங்கு போட்டுக்கிட்டப்ப இது ஹைனகன் பக்கம் வந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா 46.5 வரைக்கும் ஏத்தினான். 2021ல வாங்கினது கடைசி 15 சதவீதம், சுமார் 5,800 கோடிக்கு. அந்த பெரியவர் பல வருஷமா பாதி டச்சு பீர் தான் குடிச்சுட்டு இருந்திருக்கார்.

என் அனுபவம் சொல்றேன். எங்க கிளையன்ட் ஒருத்தர் ஆம்ஸ்டர்டாம்ல இருந்து வந்திருந்தார், டீமா டின்னர் போனோம். ஹைனகன் சொல்லட்டுமான்னு மேனேஜர் கேட்டார், மனுஷன் முகத்த சுளிச்சுட்டு அதான் வீட்ல தினம் இருக்கே, உங்க ஊர் பீர் குடுங்கன்னார். கிங்ஃபிஷர் வந்துச்சு. ஒரு வாய் குடிச்சதும் எங்க டீம்ல ஒரு முந்திரிக்கொட்டை, "சார், இதுவும் இப்போ உங்களுது தான்"னுட்டான். அவர் டம்ளரை வச்சுட்டு பாட்டிலை திருப்பித் திருப்பி பாத்தார். சரி, அப்போ இந்தியன் பீர் எதுன்னு கேட்டார் பாருங்க, டேபிளே சைலன்ட். டியூபோர்க், கார்ல்ஸ்பெர்க் டென்மார்க். பட்வைசர் பெல்ஜியம் முதலாளி. ஹேவார்ட்ஸ் 5000 ஷா வாலஸ் கைல இருந்து சாப்மில்லருக்கு போய் அங்கிருந்து பட்வைசர்காரன்கிட்டயே போயிடுச்சு. பீரா 91 சொல்லலாம்னு பாத்தா ஆரம்பத்துல அதை பெல்ஜியத்துல காய்ச்சி கொண்டு வந்தாங்க, போதாக்குறைக்கு ஜப்பான் கம்பெனி கிரின் அதுல பணம் போட்டிருக்கு. மேனேஜர் திடீர்னு கோல்டன் ஈகிள்னார், மோகன் மீகின்ங்கற இந்திய கம்பெனியோடது. வெயிட்டர் பையனுக்கு அந்த பேரே தெரியல.

கொரட்டூர்காரன்:
கடைசில என்ன தான் குடிச்சார்?

ஓசூர் டு பெங்களூர்:
ஃப்ரெஷ் லைம் சோடா. சால்ட் போட்டு.

ஈஸ்ட்ஹாம் தம்பி:
இங்க லண்டன்ல கறி ரெஸ்டாரன்ட்ல பார்ட் டைம் வேலை பாத்தப்ப நடந்தது. புதுசா ஊர்ல இருந்து வந்த ஒரு அண்ணன், மதுரை பக்கம், கிங்ஃபிஷர் பாட்டிலை பாத்ததும் போன்ல மனைவிக்கு வீடியோ காலே போட்டுட்டார், நம்மூர் பீர் இங்கயும் கிடைக்குதுன்னு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம பின் லேபிளை காட்டினேன், இங்கிலாந்துலயே காய்ச்சினது. ரொம்ப வருஷம் கென்ட்ல ஷெப்பர்ட் நீம்னு ஒரு பழைய கம்பெனி லைசன்ஸ்ல காய்ச்சிட்டு இருந்தான். அண்ணன் வீடியோ கால கட் பண்ணிட்டு என்னை பாத்த பார்வை இருக்கே. டிப்ஸ் வைக்கல.

ரிடையர்டு பார் மேனேஜர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பார்ல ரெகுலர் ஒருத்தர், ஆட்டோ ஃபைனான்ஸ் பண்றவர். பார் எல்லாம் மறுபடி திறந்தது 2021 நவம்பர்ல. வந்து உக்காந்த முதல் நாளே டேஸ்ட் போச்சு, வெள்ளைக்காரன் கிளிசரின் ஜாஸ்தி போட்டுட்டான்னு சத்தம். டம்ளர்ல தண்ணி கேட்டு பாட்டிலை கவுத்து வச்சார், பிரவுன் கலர்ல நூல் மாதிரி இறங்குச்சு, "பாருங்கடா, பாருங்கடா"ன்னு எல்லா டேபிளையும் கூப்பிட்டு காட்டினார். அவ்வளவுதான் கதை.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அது கிளிசரின் கிடையாது. பீர் தண்ணிய விட கொஞ்சம் கனம், அதனால பாட்டில்ல இருக்கறது கீழ இறங்குது, தண்ணி மேல ஏறுது. இத செஞ்சா பீர்ல தண்ணி கலந்து கேஸ் போறது தான் மிச்சம், தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க. டேஸ்ட் மாறினதா தோணுச்சுன்னா முதல்ல தேதிய பாருங்க, பீர் ஒயின் கிடையாது, வச்சு குடிச்சா நல்லாருக்காது (மல்லையா ஸ்டாக் தேடினவருக்கு இத சொல்லணும்). ரெண்டாவது வெளிச்சம். வெயில் படற மாதிரி கடை வாசல்ல கிரேட் அடுக்கி வச்சிருந்தா வாங்காதீங்க, ஹாப்ஸ்ல இருக்கற சமாச்சாரம் வெளிச்சம் பட்டா ஒரு நாத்தம் அடிக்கும், பச்சை பாட்டில்ல இது சீக்கிரம் வரும், பிரவுன் கொஞ்சம் தாங்கும். ஃப்ரீசர்ல வச்சு மறந்துட்டு அப்புறம் வெடிச்சிருச்சுன்னு வராதீங்க. பாட்டிலை படுக்க வைக்காதீங்க. ஸ்ட்ராங் பீர் குடிக்கறவங்க வெறும் வயித்துல குடிக்காதீங்க, சுண்டலாவது வாங்குங்க. கம்பெனிய டச்சுக்காரன் வாங்கினானா நம்மாளு வாங்கினானாங்கறத விட உங்க ஏரியா கடைல ஃப்ரிட்ஜ் ஓடுதாங்கறது தான் டேஸ்ட்டுக்கு முக்கியம்.

சும்மா வந்தேன்:
சார், கிளாஸ் முடிஞ்சுதா? இங்க யாரும் பீர் எப்படி வைக்கணும்னு கேக்கல.

என் மேட்டர். எங்க தெரு மெக்கானிக் தீவிர ஆர்சிபி ரசிகர், மல்லையா வச்சிருந்த பெங்களூர் ஐபிஎல் டீம். நியூஸ் வந்த அன்னிக்கு ஜெர்சிய கழட்டி கை துடைக்கற துணி பக்கம் போட்டுட்டு, டீமையும் ஹாலந்துக்காரனுக்கு வித்துட்டானுங்கடான்னு மூணு பைக்க அப்படியே விட்டுட்டு போயிட்டார். என் வண்டியும் அதுல ஒண்ணு, அன்னிக்கு பஸ்ல போனேன். மல்லையாவ நம்பினவன் நெலம இதான்.

ஓசூர் டு பெங்களூர்:
அது வேற இது வேற ப்ரோ. ஆர்சிபி இருந்தது பிராந்தி, விஸ்கி பக்கம், யுனைடெட் ஸ்பிரிட்ஸ். அத பிரிட்டிஷ் டியாஜியோ 2014லயே பாதிக்கு மேல வாங்கியாச்சு. பீர் கம்பெனி யுனைடெட் பிரூவரீஸ். உங்க மெக்கானிக் ஏழு வருஷம் லேட்டா, தப்பான நாட்டுக்காரன் மேல கோச்சுக்கிட்டார். இன்னொண்ணு, "நம்ம" கம்பெனின்னு உருகறவங்களுக்கு: யுனைடெட் பிரூவரீஸ்ஸ 1915ல ஆரம்பிச்சதே தாமஸ் லீஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். விட்டல் மல்லையா கைக்கு வந்தது 47ல தான்.

சும்மா வந்தேன்:
ஆரம்பிச்சவன் யாரா இருந்தா என்ன, கிங்ஃபிஷர்ங்கற பேர நாடு பூரா கொண்டு போனது யாரு? காலண்டர், ஏர்லைன்ஸ், அந்த தாடி எல்லாம் சேர்ந்தது தானே அந்த பீர். மனுஷன் ஃப்ராடுன்னே வச்சுக்கங்க, நம்ம ஃப்ராடு. 2021 செப்டம்பர்ல காம்பெடிஷன் கமிஷன் ஃபைன் போட்டப்ப மட்டும் பெரிய கம்பெனிங்க யோக்கியமா? விலைய கூடிப் பேசி வச்சாங்கன்னு யுனைடெட் பிரூவரீஸ்க்கு 750 கோடிக்கு மேல, கார்ல்ஸ்பெர்குக்கு 120 கோடி.

ஓசூர் டு பெங்களூர்:
அந்த கேஸ் 2009ல இருந்து 2018 வரைக்கும். அதுல பாதிக்கு மேல உங்க மல்லையா தான் சேர்மன்.

செகந்திராபாத் செல்வி:
நான் குடிக்கறதில்ல, ஆனா என் மெஸ்ஸுக்கு அடுத்த ஷட்டர் ஒயின் ஷாப், அதனால எல்லா பஞ்சாயத்தும் என் காதுல தான் விழும். 2025 ஜனவரில தெலங்கானாவுக்கு கிங்ஃபிஷர் சப்ளைய கம்பெனி நிறுத்திடுச்சே, ஞாபகம் இருக்கா? அரசு பாக்கி நிக்குது, பல வருஷமா விலை ஏத்தலன்னு. ஃப்ரிட்ஜ்ல அந்த தட்டு மட்டும் காலியா, பக்கத்து தட்டுல வேற கம்பெனி பாட்டில் நிரம்பி வழியுது. ஒரு கொத்தனார், தினம் சாயந்திரம் என்கிட்ட ரெண்டு ஆம்லெட் வாங்கறவர், காச கைல புடிச்சுக்கிட்டு அந்த காலி தட்டையே பாத்துட்டு நிக்கிறார். கடைக்காரர் வேற எடுத்து குடுத்தாலும் வாங்கல. என் மெஸ்ல உக்காந்து ஒரே புலம்பல், முன்னாடி முதலாளி பேங்க ஏமாத்தினாலும் நமக்கு பீர நிறுத்தல, இந்த வெள்ளைக்காரன் கவர்மெண்டையே மிரட்டறான்னு தெலுங்குல திட்டறார். எதிர்ல இருந்த இன்னொருத்தர், பாக்கி வச்சது கவர்மெண்ட் தானே, கடன் குடுத்தவன் கேக்கக் கூடாதான்னார். சண்டை பெருசாகி என் சாம்பார் வாளி கவுந்தது தான் மிச்சம். ரெண்டு வாரத்துக்குள்ள சப்ளை வந்துடுச்சு, பிப்ரவரில கவர்மெண்ட் 15 சதவீதம் விலை ஏத்துச்சு. கொத்தனார் இப்பவும் அதே கிங்ஃபிஷர் தான், ஆம்லெட் மட்டும் ஒண்ணா குறைஞ்சிடுச்சு.

ரிடையர்டு பார் மேனேஜர்:
ஆம்லெட்ட குறைக்க வேணாம்னு சொல்லுங்கம்மா, வெறும் வயித்துல ஸ்ட்ராங் ஆகாது.

சும்மா வந்தேன்:
மறுபடி ஆரம்பிச்சுட்டார்யா.