1966 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்: கதவுத் தகட்டில் 'ஏ', ஏப்ரனில் 'டி'. எதை நம்புவது?

மூன்றாம்கியர்:
வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வண்டி. 1966 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் வகை), கலிஃபோர்னியாவில் இருக்கிறது. ஜிடி பேட்ஜ், கிரில்லில் ஃபாக் லேம்ப், உள்ளே வி8. ஜிடி (ஆலையிலேயே போட்டு வரும் உயர்ரகத் தொகுப்பு) என்று சொல்லித்தான் விலை கேட்கிறார்கள்.

ஓட்டுநர் கதவின் பூட்டுப் பக்க ஓரத்தில் உள்ள தகட்டில் இருப்பது:
மேல்வரி: 63ஏ / எம் / 26 / 14சி / 71 / 2 / 6
கீழ்வரி (வண்டி எண், அதாவது சேசிஸ் எண்): 6ஆர்09ஏ, அதன்பின் ஆறு இலக்கம்.

பானெட்டைத் திறந்தால் இடது ஏப்ரனின் (இன்ஜின் அறையின் பக்கச் சுவர்த் தகடு) மேல் விளிம்பில் அடித்திருப்பது 6ஆர்09டி. பின்னால் வரும் ஆறு இலக்கமும் தகட்டில் உள்ளதேதான். ஓர் எழுத்து மட்டும் வேறு. இணையத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'தவறான எண்' என்று துப்புகிறது. எது சரியான எண்? உள்ளே இருக்கும் இன்ஜின் வண்டியோடு வந்ததுதானா என்று எப்படிப் பார்ப்பது?

ஆறுசிலிண்டர்:
'தவறான எண்' என்று வருவதற்குக் கவலைப்படாதீங்க. 17 எழுத்து எண் 1981 மாடலில் இருந்துதான். அந்தத் தளங்கள் 17 கட்டம் நிரம்பாவிட்டால் எதையும் ஏற்காது. இதில் இருப்பது 11. முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்பிப் பார்க்காதீங்க, வேறு ஏதோ வண்டியின் விவரம் வந்து தொலைக்கும்.

கடைசி ஆறு இலக்கம் அந்த வருஷத்தில் எத்தனையாவது மஸ்டாங் என்பதைக் காட்டும். அதை வைத்து எந்த வாரம் செய்தது என்றுகூடச் சொல்லலாம்.

பழையஸ்பேனர்:
கடைசிப் பத்தி மட்டும் சரியில்லை. அந்த வரிசை எண் ஒவ்வோர் ஆலையிலும் 100001-இல் தொடங்கும். 'எத்தனையாவது மஸ்டாங்' என்று அதற்குப் பொருள் கிடையாது. அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு வண்டிகள் வேறு வேறு நாளில் லைனைவிட்டு இறங்கியிருக்கும். தேதி வேண்டுமானால் தகட்டின் மேல்வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது எண்ணுக்கு வருவோம்.

6 என்பது 1966 மாடல். ஆர் என்றால் சான் ஹோசே ஆலை. எஃப் இருந்தால் டியர்பார்ன், டி இருந்தால் மெட்டச்சன். 09 ஃபாஸ்ட்பேக், 07 ஹார்ட்டாப், 08 கன்வர்ட்டிபிள். ஐந்தாவது எழுத்துதான் இன்ஜின். உங்கள் தகராறு முழுக்க அதில்தான் இருக்கிறது. 1966 மஸ்டாங்கில் நான்கே நான்கு எழுத்து:

டி: 200 கன அங்குலம், ஆறு சிலிண்டர், 120 குதிரைத் திறன்
சி: 289, இரட்டை பேரல் கார்ப்பரேட்டர், 200
ஏ: 289, நான்கு பேரல், 225
கே: 289 ஹை பெர்ஃபாமன்ஸ், 271

(ஃபோனில் யாரிடமாவது சொல்லும்போது 'டேங்கோ டி' (T) என்று சொல்லுங்கள். 'டெல்டா டி' (D) 1964-இல் வந்த முதல் வண்டிகளின் 289-க்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுவது வழக்கமான கூத்து.)

மேல்வரி: 63ஏ சாதாரண உள்ளலங்காரம் கொண்ட ஃபாஸ்ட்பேக், அதுவே 63பி என்றிருந்தால் ஆடம்பர உள்ளலங்காரம். எம் விம்பிள்டன் வெள்ளை. 26 கறுப்பு வினைல். 14சி மார்ச் 14. ஏ ஜனவரியில் தொடங்கி மாதத்துக்கு ஓர் எழுத்து, ஐ மட்டும் கிடையாது, அதனால் செப்டம்பர் ஜே, டிசம்பர் எம். 71 லாஸ் ஏஞ்சலஸ் விற்பனை மாவட்டம். கடைசி 6 என்பது சி-4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்.

அதற்கு முன்னால் இருக்கும் 2-ஐப் பாருங்கள். அது ஆக்ஸில் குறியீடு, 2.83 விகிதம். அது ஆறு சிலிண்டர் வண்டிக்குப் போட்ட 7.25 அங்குல ஆக்ஸிலின் விகிதம். 289 வண்டிக்கு 8 அங்குல ஆக்ஸில், அதில் 2.80 என்றால் குறியீடு 6, 3.00 என்றால் 1. ஏ இன்ஜினும் 2.83 ஆக்ஸிலும் ஒரே தகட்டில் வர வழியில்லை. பழைய தகட்டைப் பார்த்துப் புதிதாக அடித்தவர் இன்ஜின் எழுத்தை மாற்றினார், ஆக்ஸிலை மறந்துவிட்டார்.

ஏன் சி போடாமல் ஏ போட்டார்? 1965, 66-இல் ஜிடி தொகுப்பு ஏ, கே இன்ஜின்களோடு மட்டுமே கிடைத்தது. சி போட்டிருந்தால் பேட்ஜ் பொய் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கேட்ட கேள்விக்குப் பதில்: ஏப்ரனில் அடித்ததுதான் வண்டி எண். கதவுத் தகடு கதவோடு போய்விடும், கேட்ட எழுத்தைப் போட்டுப் புதிதாக அடித்துத் தரவும் ஆள் இருக்கிறது. கதவை மட்டும் மாற்றியிருந்தால் ஆறு இலக்கமும் வேறாக இருந்திருக்கும். இங்கே இலக்கம் அதே, எழுத்து மட்டும் வேறு. இது கதவு மாற்றிய கதை இல்லை.

மூன்றாம்கியர்:
ஆக்ஸில் எண்ணைக் கவனிக்கவே இல்லை, நன்றி அண்ணா. ஏப்ரனில் பெயின்ட் தடிமனாக இருக்கிறது. அந்த 'டி' உண்மையில் 'டி'தானா என்று உறுதியாகப் பார்க்க என்ன செய்யலாம்? தேய்க்கலாமா?

பழையஸ்பேனர்:
கிரைண்டர், வயர் பிரஷ், எமரி தாள், எதுவும் கூடாது. அடித்த எழுத்தின் ஆழம் குறைந்தால் பிறகு நீங்கள்தான் அழித்தீர்கள் என்று ஆகும். விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பெயின்ட் ரிமூவரை மெல்லிய பஞ்சில் தொட்டு வையுங்கள், இளகியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், பழைய டூத்பிரஷ்ஷால் முடியுங்கள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தால் எழுத்தின் ஓரம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அப்போது படம் எடுங்கள்.

எழுத்தைச் சுற்றித் தகடு மெலிந்திருக்கிறதா, சுற்றிலும் வெல்டிங் கோடு ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஏப்ரன் துண்டை வெட்டி ஒட்டுவதுதான் பெரிய மோசடி, தகடு மாற்றுவதெல்லாம் சில்லறை. ஃபெண்டர் மடிப்பில் அரைவட்டமாக வெட்டிய இடத்தில் தெரிவது ஒன்றுதான். ஃபெண்டரின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி விளிம்பைத் தூக்கினால் அடியில் அதே எண் இன்னோர் இடத்திலும் இருக்கும், வலது ஏப்ரனிலும் இருக்கும். மறைந்திருப்பதை மாற்றுவதற்குப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை.

இன்ஜினில் வண்டி எண்ணைத் தேடாதீர்கள். 1966-இல் கே தவிர மற்ற 289-களில் அதை அடிக்கவில்லை. வலது பக்கம் ஸ்டார்ட்டருக்கு மேலே பிளாக்கில் வார்ப்பு எண்ணும் தேதியும் இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு எழுதிப் போடுங்கள்.

போடை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1969 செவ்ரோலே கமாரோ எஸ்எஸ் (அதன் விரைவு ரகம்) தானா என்று வண்டி எண்ணை வைத்துச் சொல்ல முடியுமா?

பழையஸ்பேனர்:
முடியாது. செவ்ரோலே அந்த எண்ணில் இன்ஜின் எழுத்தே வைக்கவில்லை. 124379என் என்று தொடங்கினால் செவ்ரோலே, வி8 கமாரோ, கூப்பே, 1969, நார்வுட் ஆலை, அவ்வளவுதான். ஆறு சிலிண்டர் என்றால் 12337. எஸ்எஸ் பற்றிய தடயம் ட்ரிம் தகட்டின் (உடல், நிறம், உள்ளலங்காரம் குறித்த தகடு) எக்ஸ் குறியீட்டில் வரும். அதுவும் நார்வுட் வண்டியில் மட்டும், 1968 டிசம்பருக்குப் பிறகு செய்ததில் மட்டும். ஆனால் இன்ஜின் முகப்பில், வலது ஹெட்டுக்கு முன்னால் உள்ள திட்டில், வண்டி எண்ணின் சுருக்கம் இருக்கும். 19என் என்று தொடங்கி வரிசை எண் வண்டியோடு பொருந்தினால் அந்த பிளாக் அந்த வண்டியுடையது. மேற்கொண்டு கேட்க வேறு இழை தொடங்குங்கள்.

மூன்றாம்கியர்:
பார்த்துவிட்டு வந்தேன்.

வலது ஏப்ரனில் மறைந்திருந்ததும் 6ஆர்09டி, அதே இலக்கம். வெல்டிங் எதுவும் இல்லை. டைட்டில் (உரிமை) பத்திரத்திலும் 'டி' எண்தான் இருக்கிறது.
பிளாக்: சி8ஓஇ-6015-ஏ. பக்கத்தில் 7எல்18.
சக்கரம் நான்கிலும் ஐந்து நட்டு. முன்னால் டிரம் பிரேக்.
பின் ஆக்ஸிலுக்குப் பின்பக்க மூடி இல்லை.

ஆறுசிலிண்டர்:
அந்த பிளாக் 289 இல்லை, 302!

பழையஸ்பேனர்:
ஆமாம். சி என்றால் 1960-கள், 8 என்றால் 1968, ஓ என்பது ஃபேர்லேன் வரிசைக்காக வடிவமைத்தது, இ இன்ஜின் பிரிவு, 6015 ஃபோர்டில் பிளாக்குக்கான எண். 7எல்18 என்றால் 1967 நவம்பர் 18-இல் வார்த்தது. 1966 மார்ச்சில் செய்த வண்டிக்குள் அது எப்படிப் போகும்?

ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு நட்டு, 9 அங்குல டிரம், பின்பக்கம் மூடி போட்ட ஆக்ஸில். இதில் ஐந்து நட்டு, மூடியில்லாத 8 அங்குல ஆக்ஸில். இன்ஜினை மட்டும் தூக்கிப் போடாமல் ஆக்ஸில், ஹப் எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். வேலை செய்தவர் அரைகுறை ஆள் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆலை ஜிடிக்கு முன்னால் டிஸ்க் பிரேக் தொகுப்பிலேயே வரும். இங்கே டிரம். டிக்கிக்கு அடியில் பின் சட்டங்களைப் பாருங்கள்: இரட்டை எக்ஸாஸ்ட் தொங்கலுக்கு ஆலையில் வெல்ட் செய்த வலுத்தகடு இருக்காது என்று நினைக்கிறேன்.

மார்ட்டி அறிக்கை (ஃபோர்டின் ஆலைப் பதிவுகளில் இருந்து எடுத்துத் தரும் வண்டி விவரம்) வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது 1967 மாடலில் இருந்துதான் கிடைக்கும். இதற்கு உதவாது.

டைட்டிலும் ஏப்ரனும் ஒத்துப்போவதால் பதிவில் சிக்கல் வராது. எந்தப் படிவத்திலும் கதவுத் தகட்டின் எண்ணை எழுதிவிடாதீர்கள், 'டி' எண்ணை மட்டும் எழுதுங்கள். விலையை 'டி' ஃபாஸ்ட்பேக், வி8 மாற்றியது என்று பேசுங்கள். ஜிடி என்பதற்கு ஒரு டாலர்கூட வைக்காதீர்கள்.

மூன்றாம்கியர்:
வலுத்தகடு இல்லை, போல்ட் போட்ட கிளாம்ப்தான். விலை பேசுவதற்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பழையஸ்பேனர்:
டை ராடு. ஆறு சிலிண்டர் வண்டியின் ஸ்டியரிங் இணைப்புகள் வி8-ஐவிட மெலிந்தவை. இன்ஜின் மாற்றுபவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். முன்பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரத்தை இடதும் வலதுமாக ஆட்டிப் பாருங்கள்.