ஆகநின்… றோங்கிய: அகவல் ஒலிப்பதிவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவலை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். மொத்தம் 1596 அடிகள். ஆளுக்கு நூறு என்று பிரித்தால் பதினாறு பேர் வேண்டும், கடைசி ஆளுக்கு 96. இதுவரை பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அடிக்கு ஐந்து நொடி என்று வைத்தால் முழுவதும் இரண்டேகால் மணி நேரத்துக்குள் அடங்கும். முடிந்ததும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றிவிடுவோம். கட்டணமும் இல்லை, உரிமை கொண்டாடவும் மாட்டோம்.

முறை எங்களுடையது அல்ல. 2005இல் மாண்ட்ரியலில் ஹியூ மெக்குவையர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் காட்டிய வழி. உரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் படித்து இலவசமாக வெளியிடும் தளம் அது. அங்கே குரல் தேர்வு கிடையாது. சொல் விடுபட்டிருக்கிறதா, ஒரே வரி இரண்டு முறை வந்துவிட்டதா, இரைச்சல் அதிகமா என்று மட்டும் ஒருவர் கேட்டுச் சரிபார்ப்பார். பேசுகிறவரின் உச்சரிப்பு வாடையைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. நாங்களும் அப்படித்தான். முதல் ஆறு பகுதிகளை நேற்றுப் பகிர்ந்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பழைய வகுப்பறை (புதுச்சேரி, முத்தியால்பேட்டை):
கேட்டேன். முதல் பகுதியில் ஆறாவது அடியைத் தாண்ட முடியவில்லை.

அச்சில் 'ஆகநின் றோங்கிய' என்று இருக்கிறது. அது சீர் பிரித்த அச்சு, ஓசையின் அளவுக்கு வெட்டியது. பாட்டில் இருப்பது 'ஆக நின்று ஓங்கிய'. உங்கள் தம்பி 'ஆகநின்' என்று சொல்லி, மூச்சு வாங்கி, பிறகு 'றோங்கிய' என்கிறார். ஐயா, றகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஒன்றாவது உண்டா? தொல்காப்பியர் அந்த எழுத்தை மொழிமுதலில் நிற்கவே விடவில்லை. நீங்கள் கூட்டி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

இது ஒருவருடைய குற்றமல்ல. மாணவர்களிடம் முப்பது ஆண்டுகள் பார்த்த நோய் இது. அப்பர் பதிகத்தைக் கொடுத்தால் 'நமச்சி' என்று நிறுத்திவிட்டு 'வாயவே' என்று வாயைத் திறப்பார்கள். கல்லோடு கட்டிக் கடலில் போட்டவரை உங்கள் திருப்பாதிரிப்புலியூரில் கரையேற்றிய பாட்டு அது. நாம் அதைச் சீர் சீராக வெட்டித் திரும்பவும் கடலில் போடுகிறோம்.

ஆங்கிலக்காரர்களுக்கு எல்லாக் குரலும் சரி என்பது பொருந்தலாம். நமக்கு யாப்பு இருக்கிறது, புணர்ச்சி இருக்கிறது, ழகரம் இருக்கிறது. தேர்வு வையுங்கள். தேறாதவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

மின்விசிறி (கடலூர்):
ஐயா, ஒலித்தொகுப்பு என் பொறுப்பு. அந்த இடைவெளி முக்கால் நொடிதான் வரும். அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி ஒட்டிவிட்டால் 'நின்றோங்கிய' என்று சேர்ந்துவிடும்.

பழைய வகுப்பறை:
சேராது தம்பி. 'நின்' என்று முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. 'றோ' என்று தொடங்கும்போது மறுபடியும் ஏறுகிறது. இடையில் இருக்கும் மௌனத்தைத்தான் உங்கள் கத்திரிக்கோல் வெட்டும். இறங்கிய குரலை என்ன செய்வீர்கள்?

மின்விசிறி:
வெட்டிப் பார்த்தேன். சேரவில்லை. படியில் கால் தவறியது போல் கேட்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

இரவுப் பணி (கடலூர் முதுநகர்):
301 முதல் 400 வரை படித்தது நான்தான். மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். விடியற்காலை வேலை முடிந்து வந்து, தெருவில் பால் வண்டி வருவதற்குள், அலமாரியைத் திறந்து வைத்துப் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு படித்தேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று மின்விசிறி அண்ணன்தான் சொன்னார். நூறு அடிக்கு நான்கு விடியற்காலைகள் ஆயின.

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அகவல் முழுவதும் தெரியும். சன்மார்க்கக் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிச் சொல்லியே வந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துப் படித்தாலும் என் காதில் ஓடுவது அவர் குரல்தான். அவர் ழகரத்தை எங்கள் கரையோரத்தில் எல்லோரும் சொல்வது போலத்தான் சொல்வார். வடலூரில் ஒருவரும் அவரை நிறுத்தி, பாட்டி, முதலில் தேர்வு எழுதிவிட்டு வாருங்கள் என்று சொன்னதில்லை.

ஐயாவிடம் ஒரு கேள்வி. தேறாதவருக்கு வேறு வேலை என்றீர்கள். என்ன வேலை?

வில்லியனூர்:
தேநீர் வாங்கி வருவது.

பழைய வகுப்பறை:
வில்லியனூராரே, கேலியை விடுங்கள். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்.

அம்மா, உங்கள் பாட்டியை யாரும் திருத்த வேண்டியதில்லை. அவர் வேண்டிக்கொள்கிறார், கேட்பவன் எந்த ழகரத்தையும் கேட்டுக்கொள்வான். ஆனால் ஒலிப்பதிவு வேண்டுதல் அல்ல. அதைக் கேட்டு ஒரு குழந்தை பாடம் செய்யும். பாட்டியின் குரல் அவர் வீட்டுத் திண்ணையோடு நின்றது. உங்கள் குரல் பத்தாயிரம் வீடுகளுக்குப் போகலாம், ஐம்பது ஆண்டுகள் இருக்கலாம். நல்ல பதிவு ஒன்றைச் செய்ய இனி யாரும் முன்வர மாட்டார்கள். இலவசமாக ஒன்று கிடக்கிறபோது இரண்டாவது எதற்கு என்று கேட்பார்கள். என் அச்சம் அதுதான். உங்கள் நாக்கைப் பற்றியதல்ல.

திண்ணை வானொலி (புதுச்சேரி):
நான் இரண்டு பக்கமும் இல்லை. எங்கள் அப்பாவுக்குக் கண்பார்வை போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கைப்பேசியில் எழுத்தைக் குரலாக்கும் வசதியைத்தான் நம்பியிருக்கிறார். அந்த இயந்திரத்துக்கு நமச்சி ஒரு சொல், வாயவே இன்னொரு சொல். இடைவெளி இருந்தால் நிறுத்தும், இல்லாவிட்டால் ஓடும். சென்ற வாரம் பாரதிதாசன் பாட்டு ஒன்றை அதில் கேட்டுவிட்டு, 'ரயில் வரும் நேரத்தை அறிவிப்பது போல இருக்கிறது, நிறுத்து' என்றார். பெருமாள் கோயில் தெருவில் கவிஞர் வாழ்ந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறோம். அவர் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வருவது இப்படித்தான்.

நேற்று இரவுப் பணியின் பகுதியைப் போட்டேன். பத்து நிமிடத்துக்கும் குறைவு. முடிந்ததும் 'அடுத்தது எங்கே?' என்றார். ழகரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் தமிழ் வித்துவான் இல்லை, உண்மைதான். ஆனால் அவர் கேட்கிறவர்.

நோட்டரி வாசல் (கடலூர், மஞ்சக்குப்பம்):
நீங்கள் ழகரத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். நான் தாளைப் பார்க்கிறேன், அதுதான் என் பிழைப்பு.

அகவல் 1872இல் எழுதப்பட்டது. மூலத்துக்கு உரிமைச் சிக்கல் இல்லை. திண்ணை வானொலி சொன்ன பாரதிதாசன் 1964இல் மறைந்தார். இறப்புக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பது இந்தியச் சட்டம். 2024 முடிவோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆனால் நீங்கள் படித்த பதிவு புதிய சரக்கு. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். 'உரிமை கொண்டாட மாட்டோம்' என்று வாயால் சொன்னால் போதாது. பதினாறு பேரும் எழுத்தில் தர வேண்டும். ஒருவர் கொடுக்காவிட்டாலும் அந்த நூறு அடி தொங்கும்.

இன்னொன்று. முழுவதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் பின்னணியில் தம்புராவைச் சேர்த்து, செயலியாக்கி, நடுவில் நகைக்கடை விளம்பரம் போட்டு விற்பார். இந்த அம்மா புடவைக்குள் தலையை விட்டுப் படித்தது அதற்கா?

கெடிலக்கரை:
விற்கட்டும். நம்முடையது இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுப்பவர் தம்புராவுக்குக் கொடுக்கிறார். அந்த நிபந்தனையைப் போட்டால் விக்கிப்பீடியாவுக்கான படமும் ஒலியும் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற முடியாது, அங்கே வணிகத்தடை உள்ளவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விளம்பரம் போட்டுப் பிழைக்கும் சின்ன வானொலிகூடத் தயங்கும். நகைக்கடைக்காரரைத் தடுக்கப் போய் அந்த வானொலியைத் தடுத்துவிடுவோம்.

ஒலி உரிமை ஒருவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று நாம் பார்த்ததில்லையா? பாரதி புதுச்சேரியில் பத்தாண்டு இருந்து எழுதினார். 1918 நவம்பரில் அங்கிருந்து புறப்பட்டவரைப் பிடித்து அடைத்தது எங்கள் கடலூரில். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்தும் அவருடைய பாட்டை இசைத்தட்டாக்கும் உரிமை ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. படத்தில் பாடியதற்கு வழக்குவரை போனது. 1949இல் அவர் அதைப் பணம் வாங்காமல் அரசிடம் கொடுத்த பிறகுதான் சிக்கல் விட்டது. வாங்கியவர் நல்லவராக இருந்ததால் தப்பித்தோம்.

நோட்டரி வாசல்:
கதை சரி. பூட்டே வேண்டாம் என்பது அதிலிருந்து எப்படி வருகிறது? நான் கேட்பது வாசலில் ஒரு தாழ்ப்பாள். நீங்கள் விட்டுக்கொடுத்த பிறகு அதே பதிவை இன்னொருவர் தம்முடையது என்று பதிந்துவைத்து, உங்கள் காணொளி மீதே புகார் வந்தால் என் வாசலுக்குத்தானே வருவீர்கள்? வாருங்கள். கட்டணம் உண்டு.

வில்லியனூர்:
வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஏறியது. அதே ஊரில் அவருடைய அகவலுக்கும் ஒரு வழக்கா? எனக்கு முன்வரிசையில் ஓர் இடம் பிடித்து வையுங்கள்.

மின்விசிறி:
சட்டம் முடிந்ததா? நடைமுறைக்கு வருகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதில் பாதி குரலின் பிழையே அல்ல, தாளின் பிழை. சீர் பிரித்த அச்சை நீட்டிவிட்டு 'படி' என்றோம். பதம் பிரித்து, சொல் சொல்லாக எழுதிய படியை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்தால் 'றோங்கிய' வராது. தேர்வு வைக்க வேண்டாம், தாளை மாற்றுவோம். ஆனால் அச்சில் இருக்கும் புதிய பதிப்பிலிருந்து எடுக்கக் கூடாது, அதில் பதிப்பாசிரியரின் உழைப்பு இருக்கிறது. நாமே பழைய பதிப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதற்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

இரவுப் பணிக்கு ஒரு வார்த்தை: 352ஆவது அடிக்குப் பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம். விசிறியை நிறுத்தினீர்கள், கடிகாரத்தை மறந்துவிட்டீர்கள்.

பழைய வகுப்பறை:
தாளைப் பற்றிச் சொன்னது நியாயம். முதல் நூறு அடியைப் பதம் பிரித்து நாளைக்குள் அனுப்புகிறேன். புணர்ச்சி ஓசை கெடும் இடங்களில் பிரிக்காமல் கீழே வளைகோடு போட்டிருப்பேன். அங்கே மூச்சு வாங்கக் கூடாது. தேர்வு வேண்டும் என்பதை நான் கைவிடவில்லை.

இரவுப் பணியின் பகுதியை முழுவதும் கேட்டேன். மூன்று குறைகள்.

ஒன்று, நடுவில் ஒரு நெடில் குறிலாகிவிட்டது. ஓசை ஒரு மாத்திரை நொண்டுகிறது. இரண்டு, பிற்பகுதியில் ஓர் அடியின் கடைசிச் சீரைக் கொட்டாவியோடு சொல்லியிருக்கிறீர்கள். மூன்று, எல்லா இடத்திலும் 'ஜோதி' என்கிறீர்கள். 'சோதி' என்பதே தமிழ். உங்கள் பகுதியில் இரண்டடிக்கு ஒரு முறை வருகிற சொல் அது.

ழகரம் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

இரவுப் பணி:
ஐயா, முதல் இரண்டையும் ஏற்கிறேன். கொட்டாவி இரவுப் பணியின் கொட்டாவி, மன்னியுங்கள். இரண்டு அடியையும் மறுபடி படித்து அனுப்புகிறேன்.

மூன்றாவதை மாற்ற மாட்டேன். 'ஜோதி' என்று அச்சிட்ட பதிப்பும் உண்டு, 'சோதி' என்று அச்சிட்டதும் உண்டு. என்னுடையது ஜோதி. பாட்டி சொன்னதும் ஜோதி. வடலூரில் நான் கேட்டதும் அதுதான்.

பழைய வகுப்பறை:
அச்சிட்டவர் செய்தது. ஏற்கவில்லை.

கெடிலக்கரை:
லிப்ரிவாக்ஸில் வாரம் ஒரு கவிதை என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரே கவிதையைப் பலர் படிப்பார்கள், எல்லாப் பதிவையும் அடுத்தடுத்து வைத்துவிடுவார்கள். எது சரி என்று தீர்ப்பு எழுதுவதில்லை. 301 முதல் 400 வரை 'சோதி' என்று படித்து ஐயா ஒரு பதிவு அனுப்பினால் இதன் பக்கத்திலேயே வைக்கிறோம். சரிபார்ப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் பகுதியை இரவுப் பணி கேட்டுப் பார்ப்பார்.

701 முதல் 800 வரை இன்னும் ஆள் இல்லை.

திண்ணை வானொலி:
அப்பா கேட்கிறார், அடுத்த பகுதி எப்போது வரும் என்று.

பழைய வகுப்பறை:
மின்விசிறித் தம்பிக்கு: எங்கள் வீட்டுக் கூடத்தில் மணியடிக்கும் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. பக்கத்து அறைக்கு மாற்றினால் போதுமா, பெண்டுலத்தையே நிறுத்த வேண்டுமா?