உம்மம்மாவின் பெரோசா மோதிரம் பச்சையாகிவிட்டது, கடையில் பொய்க் கல் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலப்பாளையம்_பேத்தி:
எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். என்னிடம் இரண்டு டர்க்காய்ஸ் நகை இருக்கிறது. ஒன்று உம்மம்மாவின் வெள்ளி மோதிரம். உம்மாவின் வாப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்தது, வீட்டில் பெரோசா என்றுதான் சொல்வோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நல்ல வான நீலம். இப்போது பாசி படிந்த மாதிரி பச்சை, ஓரத்தில் இரண்டு மூன்று பழுப்புக் கோடுகள். உம்மம்மா அதைக் கழற்றியதே இல்லை, தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் மீன் கழுவும்போதும் விரலிலேயே கிடந்தது. இன்னொன்று குற்றாலம் சீசனுக்குப் போனபோது 900 ரூபாய்க்கு வாங்கிய மணி மாலை. எல்லா மணியும் ஒரே நீலம், மேலே கறுப்பு வலை போட்ட மாதிரி கோடு. டவுனில் ஒரு கடையில் இரண்டையும் காட்டினேன், மோதிரம் டூப்ளிகேட், மாலைதான் அசல் என்றார்கள். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி மோதிரக் கல்லில் வைத்துப் பார்க்கலாமா என்று வேறு கேட்டார்கள், வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உம்மம்மா மவுத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. விற்கப் போவதில்லை, ஆனாலும் பொய்க் கல் என்று சொன்னது மனதிலேயே நிற்கிறது. வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

ரதவீதி_கல்வேலை:
தங்கச்சி, ஊசி வைக்க விடாமல் கொண்டுவந்தாயே, அதுதான் நல்ல காரியம். பிளாஸ்டிக் என்றால் உருகி நாற்றம் வரும், உண்மைதான், ஆனால் நல்ல கல்லிலும் தழும்பு விழுந்துவிடும், சூடு இந்தக் கல்லுக்கு ஆகவே ஆகாது. கல் கட்டுகிற வேலையில் முப்பது வருடமாக இருக்கிறேன், பச்சையாகிவிட்டது என்பதற்காகப் பொய் என்று சொல்வது தப்பு. இது நுண்ணிய துளை உள்ள கல். எண்ணெய், வியர்வை, சோப்பு எல்லாம் மெல்ல உள்ளே இறங்கி நிறத்தை மாற்றும். எண்ணெய்க் கையோடு வருடக்கணக்கில் கிடந்த கல் பச்சையடிக்காமல் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார். முதலில் மினுக்கத்தைப் பார், அசல் கல்லில் மெழுகு தடவித் துடைத்த மாதிரி மங்கலான வழவழப்பு இருக்கும், கண்ணாடி போலப் பளீரென்று அடித்தால் யோசிக்க வேண்டும். அடுத்து அந்தக் கோடுகள். அது கல் விளைந்த தாய்ப்பாறையின் மிச்சம், பல கல்லில் மேல்மட்டத்தைவிடக் கொஞ்சம் பள்ளமாக இருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டும். ஒரு கோடு தடிக்கும், ஒன்று பாதியில் மறையும். மாலையில் மணிகளின் துளைக்குள்ளே பார், உள்ளே வெள்ளை தெரிந்தால் சாயம் ஏற்றிய கல். எடையை வைத்து முடிவு பண்ணாதே, நீலச் சாயம் ஏற்றி இந்தக் கல் என்று விற்கிற ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லின் எடையும் கிட்டத்தட்ட இதே எடைதான்.

பாளை_புவியியல்:
அண்ணாச்சி சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். டர்க்காய்ஸ் என்பது செம்பும் அலுமினியமும் சேர்ந்த, நீர் கலந்த பாஸ்பேட். செம்பு நீலம் தருகிறது, இரும்பு கூடினால் பச்சை. அதனால் தோண்டும்போதே பச்சையாக வரும் அசல் கல்லும் உண்டு. ஈரானின் நிஷாப்பூர் கல் பழைய காலத்திலிருந்தே பேர் பெற்றது, தரமானது கோடில்லாத வான நீலம். அமெரிக்காவில் அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கமும் அப்படித் தெளிந்த நீலத்துக்குப் பெயர் போனது, 2012இல் மூடிவிட்டார்கள். திபெத்துக் கல் பெரும்பாலும் பச்சை கலந்து கறுப்பு நரம்போடு இருக்கும். சீனாவின் ஹூபே பகுதியிலும் அமெரிக்காவின் நெவாடாவிலும் சிலந்தி வலைக் கோடு போட்ட கல் கிடைக்கிறது, நன்றாக அமைந்த வலைக்கு விலையே தனி. ஆகவே வலை இருப்பதால் பொய் என்றும் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியது அந்த வலை எப்படி ஓடுகிறது என்பதைத்தான்.

ஹௌலைட், மேக்னசைட் இரண்டும் வெள்ளைக் கல், நீலச் சாயத்தில் ஊறவைத்து விற்பார்கள். ஹௌலைட்டின் கடினம் மோஸ் அளவில் 3.5, டர்க்காய்ஸ் 5இலிருந்து 6 வரை. சாயம் விரிசல்களில் தேங்கி அங்கே மட்டும் நீலம் அடர்ந்து தெரியும். இன்னொரு வகை, கல் பொடியைப் பிசினில் பிசைந்து பொரிவிளங்காய் பிடிப்பது போல அழுத்திக் கட்டியாக்கி அறுப்பது. லென்ஸில் பார்த்தால் துகள் துகளாகத் தெரியும். ஆனால் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்திய கல் வேறு, அதைப் பொய் என்று சொல்லக் கூடாது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிகிற மெத்தென்ற கல்லை அப்படித்தான் நகைக்கு ஏற்றதாக்குகிறார்கள், சந்தையில் பெரும்பங்கு அதுதான். விற்பவர் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். பிசின் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் அகச்சிவப்புக் கதிரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தென்காசி_சாரல்:
அக்கா, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மோதிரத்தை பாலீஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். என் பதக்கத்தை ஒரு பட்டறையில் தங்க நகையோடு சேர்த்து ஆசிட்டில் போட்டுவிட்டார்கள், கல் வெளுத்துத் திட்டுத் திட்டாகத் திரும்பி வந்தது. என் அம்மாவின் பதக்கம் அது, இன்றும் எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை. கொற்கை முத்தை நம் பாட்டிமார் எப்படி வைத்திருந்தார்களோ அப்படி வையுங்கள். எண்ணெய், சென்ட் எல்லாம் பூசி முடித்துக் கடைசியில் போடுவது, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றி மெல்லிய துணியால் துடைப்பது.

மேலப்பாளையம்_பேத்தி:
லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். மோதிரத்தில் நகம் தட்டுகிறது, அண்ணாச்சி! ஒரு கோடு ஓரத்தில் தடித்துத் தொடங்கி நடுவில் வருவதற்குள் மறைந்துவிடுகிறது. கல்லின் அடியில், வெள்ளி மூடிய விளிம்போரம், மயிரளவு இடத்தில் பழைய நீலம் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மாலை மணியின் துளைக்குள் சுண்ணாம்பு வெள்ளை, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஒரு மணியில் தேய்த்தேன், பஞ்சு நீலமாகிவிட்டது. மோதிரத்தில் அதைத் தொடவே இல்லை. எண்ணெயை எடுத்து நீலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ரதவீதி_கல்வேலை:
முடியும் என்று சொல்லி மருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். இருக்கிற நிறமும் கெட்டுப் போகலாம். அந்தப் பச்சை உன் உம்மம்மா போட்டுப் போட்டு வந்தது, அப்படியே இருக்கட்டும். விளிம்பு ஓரம் தெரிகிறது என்றால் கட்டு தளர்ந்திருக்கும். காதோரம் வைத்து ஆட்டிப் பார், கல் ஆடுகிற சத்தம் கேட்டால் போடாமல் எடுத்து வை. யாரிடம் கொடுத்தாலும் நெருப்புக் காட்டாமல் விளிம்பை மட்டும் அழுத்தி இறுக்கச் சொல், கூடவே நின்று வாங்கிக்கொண்டு வா.