லயத்து வீட்டை ஹோல்காவில் எடுத்தேன், பாதிக்கு மேல் இருட்டு: கோளாறு கேமராவிலா, நான் எடுத்த விதத்திலா?

லயத்துப்பேரன் (சுங்கை சிப்பூட்)

வணக்கம். சுங்கை சிப்பூட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் எங்கள் பாட்டி இன்னும் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருக்கிறார். சுற்றிலும் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்துச் செம்பனை போட்டு வருஷக்கணக்கு ஆகிறது, லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மட்டும் பழைய மரங்களாகவே நிற்கிறது, அங்கே இன்னும் நாலைந்து பேர் பால் வடிய மரத்தின் பட்டையை வெட்டுகிறார்கள். ஜூனுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மரமும் போய்விடும்.

அதற்குள் பாட்டியையும் வீட்டையும் அந்தத் துண்டுக் காட்டையும் ஃபிலிமில் எடுத்து வைக்க ஆசை. ஃபோனில் நிறைய எடுத்திருக்கிறேன், எல்லாம் பளிச்சென்று, சுவரில் இருக்கும் ஆணி வரைக்கும் தெரிகிறது, ஆனால் சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் போய் விடியற்காலையில் கதவைத் திறந்ததும் தெரியுமே அந்தப் புகைமூட்டமான வெளிச்சம், அது ஒன்றில்கூட இல்லை. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஹோல்கா 120என் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா ஒன்று 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது, ஐஎஸ்ஓ 400 கலர் ஃபிலிம் போட்டு ஒரு ரோல் எடுத்துக் கழுவ அனுப்பினேன்.

வந்ததைப் பார்த்து மனசு விட்டுப்போச்சு. மொத்தம் 16 படம், ஒவ்வொன்றின் ஓரமும் அடுத்த படத்தின் மேல் ஏறியிருக்கிறது. காட்டுக்குள் காலையில் எடுத்தவை கிட்டத்தட்ட கறுப்பு. பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு படத்தில் அவர் முகம் இழுபட்டு மூன்று முகம்போல் இருக்கிறது. மூன்று படத்தில் ஒன்றுமே இல்லை. பல படங்களில் நடுவில் சிவப்பாக ஒரு திட்டு. ஃபிலிம், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்குப் பக்கத்தில் ஆகிவிட்டது, இன்னொரு முறை இப்படி வந்தால் கட்டாது. கேமராவைத் தூக்கிப் போடவேண்டியதுதானா?

*

பழைய ஸ்டூடியோ (தைப்பிங்)

போடாதீர்கள் தம்பி, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நான் 17 வருஷம் ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவியவன், நீங்கள் எழுதியதை வைத்தே முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

16 படம் என்றீர்களே, அங்கேயே பிடிபட்டது. ஹோல்காவின் முதுகில் சிவப்பு ஜன்னல் இருக்கிறதல்லவா, அதன் பக்கத்தில் 12, 16 என்று இரண்டு எண், நடுவில் நகர்த்துகிற ஒரு துண்டு. உள்ளே மாட்டியிருக்கும் சட்டம் சதுரமாக இருந்தால் ரோலுக்கு 12 படம், சின்னச் சட்டம் என்றால் 16. உங்கள் கேமராவில் சதுரச் சட்டத்தை மாட்டிவிட்டு ஜன்னலை 16இல் வைத்திருக்கிறார்கள். ஆறு சென்டிமீட்டர் படத்துக்கு நாலரை சென்டிமீட்டர்தான் சுற்றியிருக்கிறீர்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் என்ன செய்யும்? 12க்குத் தள்ளுங்கள், தீர்ந்தது.

முகம் இழுபட்டதற்குக் காரணம் லென்ஸுக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச். என், பி என்று இரண்டு நிலை. என் என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 விநாடி திறந்து மூடும், பி என்றால் நீங்கள் விரலை எடுக்கும்வரை திறந்தே கிடக்கும். பைக்குள் உரசினாலே அந்த சுவிட்ச் நகர்ந்துவிடும், ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றுமே இல்லாத மூன்று படம் லென்ஸ் மூடியோடு எடுத்ததாக இருக்கும். இந்தக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, மேலே தனிக் கண்ணாடி வழியாக, அதனால் மூடி போட்டிருப்பது தெரியவே தெரியாது. மூடியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

சிவப்புத் திட்டு அந்த ஜன்னல் வழியாக நுழைந்த வெளிச்சம். கறுப்பு ஒயரிங் டேப்பை ஜன்னல் மேல் ஒட்டுங்கள், சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று பிரித்து எண் பார்த்துவிட்டு மூடுங்கள். முதுகுப் பலகையைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கத் தகடும் கழன்று விழக்கூடியவை, ஃபிலிம் போட்டதும் அதன் மேலும் டேப். இன்னும் சந்தேகமாக இருந்தால் இராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் காலிக் கேமராவுக்குள் சின்ன டார்ச் லைட்டை எரியவிட்டு மூடிப் பாருங்கள், எங்கெங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் டேப்.

இருட்டு விஷயம்தான் கொஞ்சம் பெரிது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு 1/100 விநாடியும் எஃப் 16 துளையும் போதும், இது பழைய கணக்கு. ஐஎஸ்ஓ எண் கூடினால் ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சமே போதும், எஃப் எண் குறைந்தால் லென்ஸ் துளை பெரிது. ஹோல்காவில் வெயில் படம், மேகப் படம் என்று இரண்டு நிலை, எஃப் 11, எஃப் 8 என்பார்கள், இன்னும் பழைய ஹோல்காக்களில் அந்த சுவிட்சைத் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் துளை ஒன்றேதான். ஆக உங்கள் கையில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, வெளிச்சத்தை மாற்றினால்தான் உண்டு. ஐஎஸ்ஓ 400 போட்டால் திண்ணை நிழல் வரை தாங்கும். வெயிலில் அது கூடுதலாக வாங்கினாலும் நெகட்டிவ் ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது. ஆனால் இலை மூடிய பால்மரக் காடு, அதுவும் காலை ஏழு மணி என்றால், 400ம் பத்தாது.

*

மங்கு (சுங்கை சிப்பூட்)

எனக்குக் கேமரா தெரியாது, மரம் தெரியும். அம்மாவோடு பதினைந்து வருஷம் பால் வெட்டுக்குப் போனவள், அதை வைத்து ஒன்று சொல்கிறேன் தம்பி.

மரத்தில் பால் நன்றாக ஓடுவது குளிர்ச்சியில்தான், அதனால்தான் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவோம், வெயில் ஏற ஏற ஓட்டம் நின்றுபோகும். நீங்கள் வெட்டும் நேரத்துக்குப் போய் நின்றால் இருட்டுத்தான் கிடைக்கும். பால் எடுக்கும் நேரத்துக்குப் போங்கள், பத்து மணி வாக்கில். மங்கு என்கிற பால் கிண்ணத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி வாளியில் கவிழ்த்து, ஒட்டியிருப்பதை விரலால் வழித்துவிட்டுத் திரும்ப மாட்டுவார்கள். அப்போது வெளிச்சமும் இருக்கும், ஆளும் ஒரே இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பார்.

அப்புறம், இப்போது போய் மரத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். தைப்பூசம் முடியட்டும், இலை பழுத்துக் கொட்ட ஆரம்பிக்கும். பிப்ரவரியில் ஒரு இரண்டு மூன்று வாரம் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும், வெயில் நேராகத் தரைக்கு வரும், காலுக்குக் கீழே காய்ந்த சருகு நொறுங்கும், காடு முழுக்க வெள்ளையாக இருக்கும். அந்தச் சமயத்தில் பால் குறைவு என்று எங்களுக்குக் கவலை, உங்கள் கேமராவுக்கு அதுதான் நல்ல காலம் என்று நினைக்கிறேன். அந்தத் துண்டுக் காட்டுக்கு இதுதான் கடைசி இலையுதிர் காலம், விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் லயத்தில் எடுத்த படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, அதிலும் அம்மா பாதிதான் விழுந்திருக்கிறார். அதைத்தான் இப்போதும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

*

கோப்பித்தண்ணி (பந்திங்)

ஸ்டூடியோ அங்கிள் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி, டேப் ஒன்றைத் தவிர. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டால் அது ஹோல்காவே இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் சாதாரணக் குடும்பத்துக்காக மலிவாகச் செய்த கேமரா அது, கண்டனீஸில் ‘ஹோ குவோங்’, அதாவது நல்ல வெளிச்சம், அதிலிருந்துதான் பெயரே வந்தது. அதற்கும் முன்னால், 1960களில் அங்கே கவுலூனில் செய்த டயானாவும் இதே ஜாதி. ஒற்றை பிளாஸ்டிக் லென்ஸ், நடுவில் தெளிவு, ஓரம் மங்கி மூலை இருண்டு போவது, இதற்காகத்தானே வாங்குகிறோம். முதலில் முழுக்க அடையுங்கள், ஒரு ரோல் சுத்தமாக வரட்டும், அப்புறம் ஒரு பக்கத் தகட்டின் டேப்பை மட்டும் எடுத்துவிட்டு வேண்டுமென்றே கசிய விடுங்கள். கசிவு எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிந்திருந்தால் அது கோளாறு இல்லை.

இந்தக் கேமராவில் ஷட்டருக்கும் சுற்றும் சக்கரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சுற்றாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒரே இடத்தில் அழுத்தலாம். பாட்டியை வானத்துக்கு எதிரே, நெஞ்சு வரைக்கும், முகம் பக்கவாட்டில் தெரிய நிற்க வைத்து ஒன்று எடுங்கள், அவர் கறுப்பாக விழுவார். நெகட்டிவில் அந்தக் கறுப்பு இடம் இன்னும் வெளிச்சம் வாங்காமல் காலியாக இருக்கிறது. சுற்றாமல் அப்படியே போய், வெயில் படுகிற பால்மரப் பட்டை ஒன்றை ஒரு மீட்டரில் வைத்து, அதாவது லென்ஸில் ஒற்றைத் தலைப் படத்துக்குத் திருப்பி, இரண்டாவது தடவை அழுத்துங்கள். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டுக்கோடுகள் பாட்டியின் உருவத்துக்குள் மட்டும் தெரியும், வானம் வெள்ளையாகவே இருக்கும். நான் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரை இப்படி எடுத்தேன், பட்டையின் ஒரு வெட்டு சரியாக அவர் கன்னத்தில் போய் உட்கார்ந்தது, அந்த ஒரு படத்துக்காக இரண்டு ரோல் போனாலும் எனக்கு வருத்தம் இல்லை.

காசுதான் கவலை என்றால் கறுப்பு வெள்ளைக்கு மாறிக்கொள்ளுங்கள், வீட்டிலேயே கழுவலாம், அதுவும் கோப்பியில். 1995இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பு ஒன்றில் செய்து பார்த்த முறை, அதில் வைட்டமின் சி பிற்பாடு சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் கோப்பி 40 கிராம், இருபது டிகிரியில் பதினைந்து நிமிடம். படத்தை எழுப்புவது கஃபீன் இல்லை, கோப்பியில் இருக்கும் கஃபெயிக் அமிலம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் கோப்பித் தூள் வேண்டாம், அது சீனியும் மாஜரினும் போட்டு வறுத்தது, தண்ணீரில் கரையவும் கரையாது. கலப்பில்லாத மலிவு இன்ஸ்டன்ட் கோப்பிதான் வேண்டும், சீனி பால் கலந்த மூன்று-இன்-ஒன்றும் கூடாது. சமையல் சோடாவைச் சலவை சோடா என்று நினைத்துப் போட்டு ஒரு ரோல் முழுக்க வெறுமையாக எடுத்தவர்கள் உண்டு. சலவை சோடா கிடைக்கவில்லை என்றால் சமையல் சோடாவை ஓவனில் நன்றாகச் சூடாக்கினால் ஈரமும் காற்றும் வெளியேறி அதுவே சலவை சோடா ஆகிவிடும். நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு, ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்கவிட்டு இறக்குங்கள். எழுந்த படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் மட்டும் கடையில் வாங்கத்தான் வேண்டும், அதற்குக் கோப்பியில் வழி இல்லை.

*

பழைய ஸ்டூடியோ (தைப்பிங்)

கசிவைப் பற்றி அந்தப் பிள்ளை சொல்வது எனக்கும் சரியாகத்தான் படுகிறது, முதலில் அடை, அப்புறம் திற. ஆனால் தம்பி, பாட்டியின் முகத்தை முதல் பரிசோதனைக்கு வைக்காதீர்கள். கோலாகங்சார் உங்களுக்குப் பக்கம். அங்கே 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, இந்த நாட்டுத் தோட்டங்களின் மூத்த மரம். வெட்டவெளியில் நிற்பதால் வெளிச்சத்துக்குக் குறை இல்லை. ஒரு ரோலை அங்கே முடியுங்கள், டேப் சரியா, தூரம் சரியா எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

ஃபிலிமை ஐஸ் பெட்டியில் வைப்பதாக இருந்தால், எடுத்ததும் உடனே உறையைப் பிரிக்காதீர்கள், ஒன்றிரண்டு மணி நேரம் வெளியில் கிடக்கட்டும், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஃபிலிம் மேலேயே வியர்த்துவிடும். மோட்டார் கூடையிலும் வெயிலில் விடவேண்டாம். கடைசிப் படம் முடிந்ததும் ஃபிலிமின் முதுகில் இருக்கும் காகிதம் தீரும்வரை சுற்றி, நிழலில் வைத்துத் திறந்து, சுருளை இறுக்கிப் பிடித்து ஒட்டுங்கள். தளர்ந்த சுருளில் ஓரம் முழுக்க வெளிச்சம் ஏறிவிடும். ஹோல்காவில் இது வழக்கமாக வரும் தொல்லை, புது ஃபிலிம் சுருளுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் இறுக்கமாகச் சுற்றும்.

*

லயத்துப்பேரன் (சுங்கை சிப்பூட்)

ரொம்ப நன்றி அங்கிள், அக்கா இருவருக்கும். இப்போதுதான் கேமராவை எடுத்துப் பார்த்தேன், ஜன்னல் 16இல்தான் இருக்கிறது, உள்ளே சதுரச் சட்டம்.

மங்கு அக்கா சொன்னதைப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். ‘ஆமா, இலை கொட்டுற மாசத்துல காட்டுக்குள்ள நின்னா லயத்துக் கூரை தெரியும்’ என்றார். மற்ற மாதங்களில் அங்கிருந்து வீடு தெரியாதாம், எனக்கு இது இதுவரை தெரியாது. அதனால் பிப்ரவரியில் காட்டுக்குள்ளிருந்து வீட்டைப் பார்த்து ஒரு படம், அதை முதலில் எழுதி வைத்துக்கொண்டேன். தைப்பூசத்துக்கு முன்னால் கோலாகங்சார் ரோல்.

ஒரு சந்தேகம். வீட்டுக்குள் அடுப்படியில் பாட்டி நெருப்பு மூட்டுவதை எடுக்க வழி உண்டா? கரண்ட் விளக்கு வேண்டாம், கதவு வெளிச்சம் மட்டும்.

*

பழைய ஸ்டூடியோ (தைப்பிங்)

உண்டு. 120என்னுக்கு அடியில் ஸ்டாண்டு மாட்டும் துளை இருக்கிறது. ஸ்டாண்டில் நிறுத்தி, சுவிட்சை பிக்குத் தள்ளி, 400 ஃபிலிமுக்கு அரை விநாடி ஒன்று, ஒரு விநாடி ஒன்று, இரண்டு விநாடி ஒன்று என்று மூன்று எடுங்கள். ‘ஆயிரத்தொன்று’ என்று நிதானமாகச் சொன்னால் ஒரு விநாடி. விரலை மெதுவாக எடுக்கவேண்டும், வெடுக்கென்று விட்டால் கேமரா ஆடும். பாட்டியை அடுப்பை ஊதச் சொல்லாதீர்கள், ஊதிவிட்டு நெருப்பு பிடிக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த நேரத்தில் அழுத்துங்கள், அப்போது யாரும் அசையமாட்டார்கள்.