‘பொட்’, ‘வைப்பர்’: திருகுதடை, தொடுநா என்று எழுதலாமா?

கல்லடியிலிருந்து:

மின்னலைகளைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய அலைவுகாட்டிகளை (ஒசிலஸ்கோப்) திருத்தப் பழகும் பிள்ளைகளுக்கான செய்முறைக் குறிப்பில் முதல் வரியே இடறுகிறது. குமிழைத் திருகினால் தடை மாறும் பொட்டென்சியோமீற்றரைச் சுருக்கி ‘பொட்டைக் கழற்றவும்’ என்று எழுதினால் நெற்றிப் பொட்டுத்தான் நினைவில் வரும். பாடப்புத்தகத்து ‘அழுத்தமானி’ பலகையில் கம்பி இழுத்துக் கட்டி மின்னியக்க விசையை ஒப்பிடும் கருவி. முகப்புக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் உறுப்போ எதையும் அளப்பதில்லை, அதற்கு ‘மானி’ ஏன்? ‘மாறுந்தடை’ என்றால் ஒளிபட்டு மாறும் தடையும் அதற்குள் வந்துவிடும்.

திருகுதடை என்று வைப்போம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. உள்ளே கரிப்பூச்சு வளையம் தடைப்பாதை. அதன்மேல் வில்லாக அழுந்தி ஊரும் மெல்லிய தகடான ‘வைப்பர்’ தொடுநா. ‘துடைப்பான்’ வேண்டாம், அது எதையும் துடைப்பதில்லை.

வசனத்தில் வைத்துப் பாருங்கள்:

“பிளக்கைக் கழற்றிய பின், திருகுதடையின் மூன்று கால்களில் இரண்டையாவது பலகையிலிருந்து விடுவிக்கவும். விடுவிக்காவிட்டால் சுற்றியுள்ள தடைகளும் சேர்ந்து அளவைக் குறைத்துக் காட்டும். நடுக்காலிலும் ஓரக்காலிலும் ஊசி மீற்றரை வைத்து மெதுவாகத் திருகவும். ஊசி துள்ளும் இடத்தில் தொடுநா தடைப்பாதையைச் சரியாகத் தொடவில்லை. டிஜிற்றல் மீற்றர் செக்கனுக்குச் சில தரமே எண்ணை மாற்றுவதால் சிறு துள்ளலைத் தவறவிடும். கால்களுக்கு மேலுள்ள இடைவெளியால் கொன்டக்ட் கிளீனர் சிறிது விட்டு, முழு வீச்சுக்கும் 20 தொடக்கம் 30 தரம் திருகி, நன்றாகக் காயவிட்ட பிறகே மின் கொடுக்கவும்.”

பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் அடிக்கும் எண்ணெயை இதற்குள் விடவே கூடாது. படலம் தங்கித் தூசியைப் பிடிக்கும். உப்புக்காற்றில் கறுத்த தொடுநா கிளீனருக்கு மீளும், கரி தேய்ந்த தடைப்பாதை மீளாது. அதற்கு மாற்று உறுப்புத்தான்.

கல்முனையிலிருந்து:

திருகுதடைக்கு ஓம் தம்பி. நேர்கோட்டில் நகர்த்துவதை நகர்தடை என்று பிரித்துவிடலாம். தொடுநா மிக நன்று, இரண்டுக்கும் பொருந்தும்.

கோளாறுக்கும் பேர் வேணும். ‘கரகரப்பு’ றேடியோவுக்குச் சரி. அலைவுகாட்டியில் சத்தம் ஏது? திரையில் கோடுதான் மேலும் கீழும் பாயும். குடத்து நீருக்கும் நாணய மாற்று வீதத்துக்கும் சொல்கிற ‘தளம்பல்’ கையிலேயே இருக்கு: தொடுகைத் தளம்பல்.

இதிலிருந்து ஒழுக்குத் தளம்பலைப் பிரித்தே ஆகணும். நேரோட்டத்தை (டீசி) தடுக்க வேண்டிய இணைப்புக் கொள்ளளவி (கப்பாசிற்றர்) கசிந்தால், தொடுநா வழியே நேரோட்டம் போய்ப் புதுத் திருகுதடையும் தளம்பும். பழையதைக் கழற்றுமுன் அதன் கால்களில் நேரோட்ட அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்க. இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் கொள்ளளவியை மாற்றணும். கோட்டை மேல்கீழாக நகர்த்தும் குமிழில் நேரோட்டம் இயல்பு, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

நேர அளவை நுணுக்கமாக மாற்றும் சிறு குமிழ் ஒரு கோடியில் ‘கிளிக்’ என்று உட்காருமே, அதை அளவுப்பூட்டு எனலாம். பல கருவிகளில் அங்கே ஒரு ஆளி உண்டு. அது அழுக்கானால் குமிழ் பூட்டில் இருந்தும் அளவு பிழையாகும், திரையில் வேறு அறிகுறி தெரியாது. கருவியின் 1 கிலோஹேட்ஸ் சதுர அலையைக் கொடுத்து, கட்டத்துக்கு 0.2 மில்லிசெக்கன் வைத்தால் ஒரு முழு அலை 5 கட்டம் பிடிக்கணும்.

ஒன்றைச் சிவப்பில் போடுங்க. குவிவு, ஒளிர்வுக் குமிழ்களின் திருகுதடைகள் பல கருவிகளில் ஆயிரம் வோல்ற்றுக்கு மேல் நிற்கும். அவற்றுக்கு நீண்ட பிளாஸ்ரிக் தண்டு வைத்தது அதனால்தான், உலோகத் தண்டு மாட்டக் கூடாது. உயரழுத்தக் கொள்ளளவிகளில் மின் இறங்கியதை அளந்து பார்த்த பிறகே கை வைக்கணும்.

கல்லடியிலிருந்து:

நானா, தளம்பல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். சிவப்பு வரி முதற்பக்கத்துக்குப் போகிறது.

மாற்று உறுப்பு வாங்கும்போது நேர்வகையா (திருகும் அளவுக்கு ஏற்பச் சீராகத் தடை மாறுவது) மடக்கைவகையா (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மாறுவது) என்றும் பார்க்க வேண்டும். முதுகிலுள்ள எழுத்தை மட்டும் நம்ப முடியாது. ஆசிய உறுப்புகளில் ‘பி’ நேர்வகை, ‘ஏ’ மடக்கைவகை. பழைய ஐரோப்பிய உறுப்புகளில் ‘ஏ’ நேர்வகை. நடுவில் நிறுத்தி அளந்தால், 10 கிலோ ஓம் நேர்வகை 5 கிலோ ஓம் அளவில் நிற்கும். மடக்கைவகை ஒரு பக்கம் 1 அல்லது 2 கிலோ ஓம்தான் காட்டும்.

‘அளவுப்பூட்டு’ மட்டும் உறுத்துகிறது. பூட்டு என்றதும் திறப்புத் தேடுவார்கள். ‘அளவுநிலை’ எப்படி?